கிளாக்கோமாவுக்கு லேசர்: எந்த லேசர் என்று முதலில் கேளுங்கள்

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 58 வயது, இரண்டு ஆண்டுகளாகக் கிளாக்கோமா, அதாவது பெரும்பாலும் கண்ணுக்குள் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பு சேதமாகும் நோய். இரவில் ஒரு சொட்டு மருந்து போடுகிறார். அப்படியும் இரண்டு கண்ணிலும் பிரஷர் 22, 23 என்றே நிற்கிறது. இன்னும் இறங்க வேண்டும், லேசர் செய்யலாம் என்கிறார் டாக்டர். லேசர் செய்தால் பார்வை திரும்புமா, சொட்டு மருந்தை விட்டுவிடலாமா, கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரான பதில் முதலில். போன பார்வை திரும்பாது. மருந்தை விடலாமா என்பது லேசருக்குப் பிறகு பிரஷர் எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. சிலருக்கு முடியும், சிலருக்கு முடியாது. கண் கெட்டுவிடும் என்று பயப்பட, டாக்டர் சொன்னது நான் நினைக்கிற லேசராக இருந்தால், பெரிய காரணம் எதுவும் இல்லை.

"நான் நினைக்கிற லேசராக இருந்தால்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் கிளாக்கோமா பிரிவில் வேலை செய்யும் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பரிசோதனை செய்பவர். "லேசர் பண்ணச் சொல்லியிருக்காங்க" என்று வருபவர்களிடம் எந்த லேசர் என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. கிளாக்கோமாவுக்கு லேசர் என்பது ஒரே சிகிச்சை இல்லை. ஒன்று வடிகாலைத் தூண்டுகிறது, ஒன்று ஐரிஸில் துளை போடுகிறது, ஒன்று நீர் சுரக்கும் திசுவையே சுட்டுக் குறைக்கிறது. மூன்றும் மூன்று விதமான கண்ணுக்கு. ஒன்றின் ஆபத்தைக் கேட்டுவிட்டு இன்னொன்றுக்குப் பயப்படுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர்தான்; நாம் போடும் ஒரு சொட்டு மருந்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஐரிஸ் என்பது கண்ணில் நிறமாகத் தெரியும் வட்டம். அதற்குப் பின்னால் சுரக்கும் இந்த நீர், நடுவில் இருக்கும் கண்மணி வழியாக முன்பக்கம் வருகிறது. பிறகு கருவிழியும் (ஐரிஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற தெளிந்த படலம்) ஐரிஸும் சந்திக்கும் மூலைக்குப் போய், அங்கே இருக்கும் நுண்ணிய சல்லடைத் திசு வழியாக வெளியேறி ரத்தத்தில் கலக்கிறது. அந்த மூலையைத்தான் டாக்டர்கள் 'ஆங்கிள்' என்கிறார்கள். ஆங்கிள் திறந்திருந்தும் சல்லடை சரியாக வடிக்காமல் பிரஷர் ஏறினால் அது திறந்த கோணக் கிளாக்கோமா. ஐரிஸ் முன்னால் தள்ளிக்கொண்டு வந்து மூலையையே அடைத்தால் அது மூடிய கோணக் கிளாக்கோமா.

இந்த இரண்டில் அம்மாவுக்கு எது என்று சொல்வது கோனியோஸ்கோபி என்ற பரிசோதனை. மரத்துப்போகும் சொட்டு போட்டு, கண்ணாடி பதித்த ஒரு சிறிய லென்ஸைக் கண்ணின் மேல் வைத்து அந்த மூலையை நேரில் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் யாரும் லேசர் முடிவுக்கு வரக் கூடாது. அம்மாவின் கேஸ் ஷீட்டில் கோனியோஸ்கோபி முடிவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தயங்காமல் கேளுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அம்மாவுக்குத் திறந்த கோணம்தான் போலிருக்கிறது. அப்படியானால் டாக்டர் சொல்வது எஸ்எல்டி, அதாவது செலக்டிவ் லேசர் டிரபெக்குலோபிளாஸ்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதன் மேல் இருக்கும் பயத்தில் பெரும்பகுதி பழைய லேசரிலிருந்து வந்தது.

பழைய லேசர் என்றால் ஆர்கான். 1979-இல் வைஸ், விட்டர் என்ற இரண்டு டாக்டர்கள் சல்லடைத் திசுவில் ஆர்கான் லேசரால் புள்ளி புள்ளியாகச் சுட்டால் பிரஷர் இறங்குகிறது என்று காட்டினார்கள். வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் திசு வெந்து தழும்பானது. அதனால் ஒருமுறை முழுச் சுற்றும் செய்த கண்ணில் மறுபடி செய்வது பெரும்பாலும் பலிக்காது. 1990-களில் லாட்டினா என்ற டாக்டரும் அவருடன் வேலை செய்தவர்களும் வேறு வழி கண்டார்கள். சல்லடையில் நிறமி உள்ள செல்களை மட்டும் பிடித்து, சுற்றியிருக்கும் திசுவுக்குச் சூடு பரவும் முன்பே முடிந்துவிடும் மிகக் குறுகிய துடிப்பு. ஆர்கான் ஒரு புள்ளிக்கு 0.1 விநாடி எடுத்துக்கொள்ளும். எஸ்எல்டி துடிப்பு 3 நானோ விநாடி. மூன்று கோடி மடங்கு குறைவு. சூடு தங்கவே நேரம் இல்லை. அந்த நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு வேதிச் சமிக்ஞைகளை விட, உடம்பின் துப்புரவுச் செல்கள் அங்கே வந்து சேர்ந்து, அடைபட்ட சல்லடை மெல்ல மெல்ல இளகி வழிவிடுகிறது. சுருக்கமாகச் சொன்னால் லேசர் வெளியிலிருந்து துளை எதையும் போடுவதில்லை. கண் தானே தன்னைச் சரிசெய்துகொள்ளத் தூண்டிவிடுகிறது. பலன் தெரிய நாலு முதல் எட்டு வாரம் ஆவதும் இதனால்தான். "லேசர் பண்ணி ஒரு வாரம் ஆச்சு, பிரஷர் அப்படியே இருக்கே" என்று கலங்க வேண்டியதில்லை.

அன்றைக்கு என்ன நடக்கும்? ஆபரேஷன் தியேட்டர் கிடையாது, ஊசி கிடையாது, பட்டினி இருக்க வேண்டியதில்லை. பிரஷர் திடீரென்று ஏறாமல் இருக்க முன்கூட்டியே பிரிமோனிடின் மாதிரி ஒரு சொட்டு போடுவார்கள். பிறகு வழக்கமாகக் கண் பார்க்கும் அதே மாதிரி மெஷின் முன்னால் உட்கார்ந்து, தாடையை வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொள்ள வேண்டும். மரத்துப்போகும் சொட்டு, அதன்மேல் ஜெல் தடவிய லென்ஸ். லென்ஸ் வைத்ததும் இமைக்க முடியாது. பலருக்கு அந்த அழுத்தம்தான் தொந்தரவு, லேசர் அல்ல. அப்புறம் 'டிக்', 'டிக்' என்று சத்தமும் பச்சை வெளிச்சமும். மூலை முழுதும் சுற்றி ஏறத்தாழ 100 புள்ளிகள். அந்தப் பக்கம் டாக்டர் பார்த்துக்கொண்டிருப்பது பொடிப் பொடியான குமிழிகளை. குமிழி எழும்பினால் சக்தி போதும் என்று அர்த்தம், உடனே கொஞ்சம் குறைத்துக்கொள்வார். ஒரு கண்ணுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம். முடிந்ததும் வெளியே உட்கார வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பிரஷர் பார்ப்பார்கள். அந்தப் பிரஷரைப் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

அன்று சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், அதனால் அம்மாவைத் தனியாக அனுப்ப வேண்டாம். இரண்டு மூன்று நாள் லேசான சிவப்பு, வெளிச்சம் கூசுதல், கண்ணுக்குள் ஒரு மந்தமான வலி வரலாம். சிலருக்குச் சில மணி நேரம் பிரஷர் ஏறும், மருந்தில் இறங்கிவிடும். சல்லடையில் நிறமி மிக அதிகமாகப் படிந்திருக்கும் கண்களில் இது கூடுதலாக நடக்கும் என்பதால் அங்கே சக்தியைக் குறைத்தோ, பாதிச் சுற்று மட்டுமோ செய்வார்கள். கருவிழி வீங்கிப் பார்வை மங்குவதெல்லாம் எப்போதாவது ஒருவருக்கு.

பலன் எவ்வளவு? மருந்தே போடாத கண்ணில் செய்தால் பிரஷர் பொதுவாக 20 முதல் 30 சதவீதம் இறங்கும். ஏற்கெனவே மருந்தில் இருக்கும் கண்ணில் கூடுதலாக இறங்குவது அதைவிடக் குறைவாக இருக்கும். தொடக்கத்தில் பிரஷர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நன்றாக இறங்கும். ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கு அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. பலனே தெரியாதவர்களும் இருக்கிறார்கள், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். பலன் வந்தவர்களுக்கும் அது நிரந்தரம் அல்ல, சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். ஆனால் திசு வெந்துபோகாததால் எஸ்எல்டியை மறுபடி செய்யலாம். எனக்கு இதில் பிடித்த அம்சமே அதுதான்.

லேசர் என்பது மருந்து கைவிட்ட பிறகு வரும் கடைசிப் படி என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வரிசை மாறிவிட்டது. பிரிட்டனில் நடந்த லைட் ஆய்வில், புதிதாகத் திறந்த கோணக் கிளாக்கோமா அல்லது கண் பிரஷர் கண்டுபிடிக்கப்பட்ட 718 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு முதலிலேயே எஸ்எல்டி, மீதிப் பேருக்குச் சொட்டு மருந்து என்று தொடங்கினார்கள். 2019-இல் முடிவு வந்தது. லேசரில் தொடங்கியவர்களில் 74 சதவீதம் பேர் மூன்று ஆண்டு முடிவில் ஒரு சொட்டுகூடப் போடாமல் தேவையான பிரஷரில் இருந்தார்கள். ஆறு ஆண்டு முடிவில் 70 சதவீதக் கண்கள் அப்படி இருந்தன. கத்தி வைத்துச் செய்யும் கிளாக்கோமா அறுவை சிகிச்சை ஆறு ஆண்டுகளில் லேசர் பக்கம் 13 கண்களுக்குத் தேவைப்பட்டது, மருந்துப் பக்கம் 32 கண்களுக்கு. இதைப் பார்த்துத்தான் 2022-இல் பிரிட்டனின் வழிகாட்டுதல், தகுந்த நோயாளிகளுக்கு எஸ்எல்டியையே முதல் சிகிச்சையாகத் தரச் சொன்னது.

அம்மா ஏற்கெனவே இரண்டு ஆண்டு மருந்தில் இருப்பதால் அந்த எண்கள் அவருக்கு அப்படியே பொருந்தாது. அதனால் டாக்டரிடம் இந்தக் கேள்வியை வையுங்கள்: இந்த லேசர் எதற்கு, சொட்டை நிறுத்தவா, சொட்டோடு சேர்த்துப் பிரஷரை இன்னும் இறக்கவா? 22-லிருந்து 18-க்கு வர வேண்டும் என்றால், லேசரும் செய்து பழைய சொட்டும் தொடர வேண்டியிருக்கலாம். அது லேசர் தோற்றதாக ஆகாது. இரண்டாவது, மூன்றாவது புட்டியைத் தவிர்த்ததே பெரிய லாபம். சொட்டு மருந்துகளுக்கும் தொந்தரவுகள் உண்டு. சிலவற்றில் கண் சிவந்து எரியும், கண்ணைச் சுற்றித் தோல் கறுக்கும். டிமோலால் போன்றவை ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சை இறுக்கும், நாடித்துடிப்பைக் குறைக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், நாளை மறுநாள் என்று மறந்துபோவது. லேசருக்கு மறதி கிடையாது.

ஆனால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். லேசர் முடிந்த அன்றே சொட்டை நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொல்லும் வரை பழைய மருந்து அப்படியே போக வேண்டும். லேசர் செய்தாயிற்று, இனி ஒன்றும் இல்லை என்று மருந்தையும் விட்டு, செக்கப்பையும் விட்டு, இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு கண் ஏறக்குறைய போன பிறகு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நடுவில் எந்த வலியும் இருந்திருக்காது. அதுதான் இந்த நோயின் கொடுமை. பார்வை ஓரங்களில் தேயும்போது மூளை அந்த இடத்தை நிரப்பிக் காட்டிவிடும், கறுப்பாக எதுவும் தெரியாது. செத்த நரம்பிழைகளை லேசரோ மருந்தோ ஆபரேஷனோ திரும்பக் கொண்டுவராது. நாம் செய்வதெல்லாம் மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவது.

பார்வை திரும்பும் என்ற எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்றும் தெரிகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து சில மாதமோ வருடமோ கழித்து, வைத்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்கும். அதை யாக் என்ற வகை லேசரால் திறந்துவிட்டால் அன்றோ மறுநாளோ பளிச்சென்று தெரியும். கண்ணாடியை விடுவதற்குச் செய்யும் லேசிக்கும் அப்படித்தான். தெரிந்தவர் யாராவது இதில் ஒன்றைச் செய்துகொண்டு வந்து "லேசர் வெச்சாங்க, சூப்பரா தெரியுது" என்று சொல்லியிருப்பார். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அம்மாவோ வீட்டில் வேறு யாரோ எப்போதாவது லேசிக் செய்திருந்தால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். லேசிக் கருவிழியை மெலிதாக்கிவிடும், அதனால் பிரஷர் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும்.

சரி, அம்மாவுக்கு ஆங்கிள் குறுகலாக இருக்கிறது அல்லது மூடியிருக்கிறது என்று கோனியோஸ்கோபியில் வந்தால் கதை வேறு. அப்போது டாக்டர் சொல்லும் லேசர் ஐரிடாட்டமி. ஆஸ்பத்திரிகளில் யாக் பிஐ என்றுதான் சொல்வோம். ஐரிஸின் ஓரத்தில் ஊசிமுனையளவு துளை ஒன்றைப் போட்டு, பின்னால் தேங்கும் நீருக்குக் குறுக்குவழி கொடுப்பது. பின்னால் அழுத்தம் குறைந்ததும் ஐரிஸ் தட்டையாகி, மூலை திறக்க வழி பிறக்கிறது. இதற்குப் பைலோகார்பின் என்ற சொட்டைப் போட்டுக் கண்மணியைச் சுருக்குவார்கள். அந்தச் சொட்டில் புருவத்துக்கு மேல் வலிப்பதும் அறை இருட்டின மாதிரி தெரிவதும் சகஜம். லேசர் விழும்போது எஸ்எல்டியைப் போல இருக்காது, சுருக்கென்று ஒரு அதிர்வு தெரியும். அடர்ந்த பழுப்புக் கண்களில் ஐரிஸ் தடிமனாக இருக்கும் என்பதால் கூடுதல் சக்தி வேண்டும். சில டாக்டர்கள் முதலில் பச்சை லேசரால் அந்த இடத்தை மெலிதாக்கிவிட்டுப் பிறகு யாக் லேசரால் துளைப்பார்கள். துளைத்த இடத்தில் இழையாக ரத்தம் கசியலாம்; லென்ஸால் சில விநாடி அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். பின்னாளில் சிலருக்குத் துளை வழியாக வெளிச்சம் நுழைந்து, பார்வையில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். பெரும்பாலோர் பழகிவிடுகிறார்கள், சிலருக்கு அது எரிச்சலாகவே தங்கிவிடுகிறது. முன்பே சொல்லி வைத்தால் பயம் இல்லை.

குறுகிய ஆங்கிள் என்றாலே எல்லோருக்கும் துளை போட வேண்டுமா? இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். சீனாவின் குவாங்சோவில் 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் ஐரிடாட்டமி செய்து, மறு கண்ணை அப்படியே விட்டு ஆறு ஆண்டு பார்த்தார்கள். எல்லோரும் குறுகிய ஆங்கிள் மட்டும் உள்ளவர்கள், பிரஷரோ நரம்புச் சேதமோ இல்லாதவர்கள். லேசர் செய்த கண்களில் 19-இலும் செய்யாத கண்களில் 36-இலும் பிரச்சினை வந்தது. லேசர் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது உண்மை. ஆனால் செய்யாமல் விட்ட கண்களிலும் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் இந்தக் கட்டத்தில் இருப்பவர்களை டாக்டர் ஆளைப் பார்த்து முடிவுசெய்வார்: குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா, ஒழுங்காகச் செக்கப்புக்கு வருவாரா, கண்மணியை விரிக்கும் சொட்டு அடிக்கடி தேவைப்படும் சர்க்கரை நோயாளியா என்றெல்லாம். ஏற்கெனவே பிரஷர் ஏறி, ஆங்கிள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியவர்களுக்கு இந்தத் தயக்கம் பொருந்தாது, அவர்களுக்குச் சிகிச்சை வேண்டும். அவர்களிலும் 50 வயது தாண்டியவர்களுக்கு, புரையே இல்லாவிட்டாலும் கண்ணின் இயற்கை லென்ஸை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைப்பது லேசரைவிட நல்ல பலன் தருகிறது என்று 2016-இல் வந்த ஈகிள் ஆய்வு காட்டியது. பருத்த லென்ஸ்தான் ஐரிஸை முன்னால் தள்ளுகிறது என்பதால் இது நியாயமாகவே படுகிறது. அம்மாவுக்கு மூடிய கோணம் என்று சொன்னால் இந்த வழியைப் பற்றியும் கேளுங்கள்.

மூன்றாவது லேசர், டையோடு. கண்ணின் வெள்ளைப் பகுதி வழியாக நீர் சுரக்கும் திசுவைச் சுட்டு, சுரப்பையே குறைப்பது. இதற்குக் கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்கச் செய்ய வேண்டும், பிறகு வலி இருக்கும், பிரஷர் அளவுக்கு மீறி இறங்கிப் பார்வை போகவும் கூடும். மற்ற வழிகள் எல்லாம் பலிக்காத கண்களுக்கும், பார்வை போய் வலி மட்டும் மிஞ்சிய கண்களுக்கும்தான் பெரும்பாலும் இது. விட்டு விட்டுச் சுடும் மைக்ரோபல்ஸ் முறை இதில் கொஞ்சம் மென்மையானது. "லேசர் பண்ணி கண்ணே போச்சு" என்ற கதைகளில் சில இந்தக் கண்களைப் பற்றியவை. அந்தக் கண்கள் லேசருக்கு வரும்போதே மிக மோசமான நிலையில் இருந்திருக்கும். அம்மாவுக்குச் சொன்னது இது அல்ல என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன்.

எஸ்எல்டி பொருந்தாத கண்களும் உண்டு. கண்ணுக்குள் அழற்சியால் வந்த கிளாக்கோமா, பிறவிக் கிளாக்கோமா, ஆங்கிளில் புது ரத்தக்குழாய் முளைத்த கண் இவற்றில் செய்ய மாட்டார்கள். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் முற்றிய சர்க்கரை நோயில் வருவது. அங்கே லேசர் விழ வேண்டிய இடம் விழித்திரை.

அம்மாவுக்குச் செய்துவிட்ட பிறகு அன்றிரவோ அடுத்த நாட்களிலோ கடுமையான கண்வலி, தலைவலியோடு வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், பார்வை வேகமாக மங்குவது, இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அப்போதே கண் மருத்துவமனைக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் ஆறு வாரத்தில் பிரஷர் பார்க்க வேண்டும். அதன்பின் டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஃபீல்டு டெஸ்டும் (பார்வையின் பரப்பை அளப்பது) ஓசிடி ஸ்கேனும் (நரம்பிழைகளின் தடிமனை அளப்பது) தொடர வேண்டும். பிரஷர் இறங்கியது என்பதோடு நின்றுவிடாமல், நரம்பு நிலையாக நிற்கிறதா என்று காட்டுபவை அந்த இரண்டும்தான். பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு கோப்பில் தேதி வரிசையாக வைத்து ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள். ஒரு ஃபீல்டு டெஸ்டைத் தனியாகப் பார்த்து எங்களால் அதிகம் சொல்ல முடியாது, முந்தையதோடு ஒப்பிட்டால்தான் விஷயம் தெரியும்.

அம்மாவின் கூடப் பிறந்தவர்களுக்கும், பிள்ளைகளான உங்களுக்கும் கிளாக்கோமா வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். அடுத்த முறை அம்மாவை அழைத்துப் போகும்போது உங்கள் கண்ணையும் காட்டிவிடுங்கள். பிரஷரோடு நிறுத்தாமல் நரம்பையும் ஆங்கிளையும் பார்க்கச் சொல்லுங்கள்.